சித்தூர் கேமிங் கம்ப்யூட்டர்: பதினான்காம் நிமிடத்தில் அணைந்த திரை

ஒரு தம்பி விற்கும் பழைய கேமிங் கம்ப்யூட்டரை என் அக்கா மகனுக்காகப் பார்க்கப் போயிருந்தோம். அறைக்குள் போனதும் கேபினட்டின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. திரையில் ஒரு துப்பாக்கி கேம் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பச்சை எழுத்தில் 140 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 140 படம். என் அக்கா மகன் அதைப் பார்த்ததும் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். மனசுக்குள் அவன் அந்த மெஷினை அப்போதே வாங்கிவிட்டான்.

"தம்பி, இதை ஷட் டவுன் பண்ணிருங்க. ஒரு அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் நாங்களே ஆன் பண்ணிப் பார்க்கறோம்" என்றேன்.

விற்கும் தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எங்களுக்காகவே காலையிலிருந்து ஓட்டி வைத்திருந்தாராம். "குழப்பமில்ல அண்ணா" (மலையாளத்தில் 'பரவாயில்லை') என்று அணைத்துவிட்டார். நான் இதில் எப்போதும் பிடிவாதமாக இருக்கிறேன். பலவீனமான கப்பாசிட்டர், சரியாக உட்காராத ரேம், தேய்ந்த ஃபேன் எல்லாம் தங்கள் குணத்தைக் காட்டுவது ஆறிப்போன மெஷினை எழுப்பும்போதுதான். ஏற்கெனவே சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பார்த்தால் பாதிச் சோதனை அங்கேயே போய்விடும்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சி, இந்தப் பக்கம் போனால் சித்தூர், பாலக்காடு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் பேசி மலையாளத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா குடும்பம் பொள்ளாச்சியில். மாப்பிள்ளை, அதாவது அந்த அக்கா மகன், கோவையில் இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறான். விளம்பரத்தைப் பார்த்தவன் சித்தூர் என்றதும் ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைத்து விட்டுவிட்டான். கீழே பாலக்காடு என்று இருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்திருக்கிறான். வீடு சோகநாசினி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயலைப் பார்த்த அறை. மார்ச் கடைசி. அறைக்குள் 35 டிகிரி.

விளம்பரத்தில் இருந்தது இது: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், '500 வாட் எஸ்எம்பிஎஸ்', அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. விலை 42,000 ரூபாய். துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வாரத்தில் விமானம், அதனால் விற்கிறார்.

போகும் முன் போனில் மூன்று விஷயம் கேட்டிருந்தேன். பில் போட்டோ, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளின் போட்டோ, வந்தால் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாமா என்பது. பில் வந்தது. மூன்று மணி நேரத்துக்கும் சம்மதித்தார். லேபிள் மட்டும் "உள்ள திரும்பி இருக்கு அண்ணா, எடுக்க முடியல" என்றார். சரி, நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வற்புறுத்தியிருந்தால் அன்று பாதி அலைச்சல் மிச்சம்.

அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட அவர் கேட்கவில்லை. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, பாதிப் பணம் போட்டால் பார்சல் அனுப்புகிறேன் என்ற கதையை நம்பிப் பணத்தை விட்ட ஒரு அம்மா என் கடையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ வேண்டியதே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அப்படி நடந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

ஆறிய மெஷின் சொன்னது

அரை மணி நேரத்தில் அவருடைய அம்மா சம்பாரம் என்ற மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்து கேபினட்டின் பின்பக்க இரும்பைத் தொட்டேன். விரலில் சுருக்கென்றது. மெஷின் அணைந்துதான் இருக்கிறது, பிளக் மட்டும் சுவரில். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. இது மெஷினின் குற்றம் இல்லை. எஸ்எம்பிஎஸ் வாசலில் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கப்பாசிட்டர்கள் எர்த்துக்குப் போக வேண்டியதை, எர்த் வயர் இல்லாதபோது கேபினட் மேலேயே ஏற்றிவிடும். வரும் வோல்டேஜில் பாதியளவு அங்கே நிற்கும். அந்த சுவிட்ச் போர்டில் எர்த் பின்னுக்கு வயரே கொடுக்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லிவிட்டு மனதில் குறித்துக்கொண்டேன். இது பிறகு குழப்பத்தை உண்டாக்கியது.

ஆன் செய்ததும் சுணக்கமில்லாமல் எழுந்தது. விண்டோஸ் எப்போது போட்டது என்று செட்டிங்ஸில் பார்த்தால், நேற்று. புதிதாக வாங்குகிறவருக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று ஃபார்மட் செய்திருக்கிறார். நல்லெண்ணம்தான். ஆனால் விண்டோஸ் எழுதி வைத்திருந்த பழைய தவறுகளின் பதிவு முழுவதும் அதோடு போய்விட்டது.

ஃபார்மட் செய்தாலும் அழியாத கணக்கு ஒன்று உண்டு. டிஸ்க்குகள் தங்களுக்குள்ளேயே எழுதிக்கொள்ளும் கணக்கு. பென் டிரைவில் கொண்டுபோன கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தேன். எஸ்எஸ்டி ஓடியது 4,100 மணி நேரம், ஆன் செய்தது 1,900 தடவை, ஆரோக்கியம் 91 சதவீதம். மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் விளையாடுவேன் என்று அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆனால் 'பாதுகாப்பற்ற நிறுத்தம்' என்ற வரியில் 61 என்றிருந்தது. முறையாக ஷட் டவுன் ஆகாமல் திடீரென்று மின்சாரம் அறுந்த தடவைகள் அவை.

"இங்க கரண்ட் அடிக்கடி போகும் அண்ணா, யுபிஎஸ் இல்ல" என்றார். இருக்கலாம். நானும் இதே பக்கத்து ஆள்தான், காற்றுக் காலத்தில் தென்னை மட்டை விழுந்து லைன் போவது எனக்கும் தெரியும். அந்த 61 ஒன்றையும் நிரூபிக்காது. ஆனாலும் காகிதத்தில் எழுதி வட்டமிட்டுக்கொண்டேன்.

ஹார்ட் டிஸ்க் வேறு கதை. 31,400 மணி நேரம், அதாவது இடைவிடாமல் மூன்றரை வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கிறது. சி5 என்ற வரியில் 8. படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள் எட்டு. கேட்டதும் மறைக்காமல் சொன்னார், மாமா கடையில் சிசிடிவி பெட்டியில் இருந்ததாம். இரவும் பகலும் எழுதித் தேய்ந்த டிஸ்க். விலையில் அதற்குப் பூஜ்யம் என்று சொல்லிவிட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

கிராபிக்ஸ் கார்டுக்கு, அதன் உள்விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராம். 3,584 ஷேடர் (கணக்குப் போடும் அலகுகள்), 192 பிட் (நினைவகப் பாதையின் அகலம்), 12 ஜிபி. சரியான 3060. இதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றும் சந்தையில் உண்டு, வேகம் குறைவு, அதனால் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. பெயரே பொய்யாக இருப்பதும் உண்டு. சென்ற ஆண்டு கடைக்கு வந்த ஒரு கார்டு விண்டோஸில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டியது. ஜிபியு-இசட் அதன் பெயருக்கு முன்னால் போலி என்று போட்டது. உள்ளே 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப். பயாஸ் என்ற கார்டின் உள் மென்பொருளை மாற்றி எழுதி விற்றிருக்கிறார்கள்.

மைனிங் பயம், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்ட இரவும் பகலும் ஓட்டிய கார்டோ என்ற பயம், மாப்பிள்ளைக்கு இருந்தது. 2022 செப்டம்பர் 15இல் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு மைனிங்கைக் கைவிட்டபோது ஓடிக் களைத்த கார்டுகள் சந்தையில் நிறைய இறங்கின. இந்தக் கார்டின் பில் அதற்கு அடுத்த மாதம், அக்டோபர் 2022, புதிதாக, இவர் பெயரில். என்னைக் கேட்டால் மைனிங் செய்த கார்டு என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை. ஃபேன் ஆடுகிறதா, ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருக்கிறதா, ஸ்க்ரூ தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயன். மூன்றும் நன்றாக இருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் செம்மண் தூசு மட்டும் ஹீட் சிங்க் இடுக்கில் படிந்திருந்தது. பிரஷ் வைத்துத் தட்டினேன்.

தனித்தனியாக ஓடியது, சேர்ந்து ஓடவில்லை

ஃபர்மார்க் என்பது கார்டை முழு வேகத்தில் பிழிந்து சோதிக்கும் புரோகிராம். அது கார்டைக் கெடுத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. இன்றைய கார்டு தன் வாட் வரம்பைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் போதும். முப்பது நிமிடம் ஓட்டினேன். 170 வாட் இழுத்தது. கார்டு 74 டிகிரி, அதன் மிகச் சூடான புள்ளி 87. இந்த இரண்டுக்கும் இடைவெளி 13. இது 25ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுவேன். அறையே 35 இருக்கும்போது 74 நல்ல எண். இதே 74 ஏசி அறையில் வந்திருந்தால் இன்னொரு தடவை யோசித்திருப்பேன்.

அடுத்து பிராசஸர் மட்டும். பிராசஸரைப் பிழியும் சினிபெஞ்ச் ஆர்23 புரோகிராமில் முப்பது நிமிடம். 84 டிகிரியில் நின்றது. இதன் வரம்பு 95.

"மாமா, எல்லாம் பாஸ். பணம் அனுப்பிரலாமா?" என்றான் மாப்பிள்ளை.

"இருடா. ரெண்டையும் சேர்த்து ஓட்டணும்."

இந்த இடத்தை நான் ஒருபோதும் தாண்ட மாட்டேன். விற்பவர் காட்டிய கேம் இலகுவானது, கார்டுக்குப் பாதி வேலைகூட இல்லை. பெரிய கேம்கள் பிராசஸரையும் கார்டையும் ஒரே நொடியில் பிழியும். அந்த நொடியைத் தாங்குமா என்பது தனித்தனிச் சோதனையில் தெரியாது.

இரண்டையும் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பதினான்காம் நிமிடம் திரை கறுத்தது. ஃபேன் சத்தம் ஒரு கண்ணிமைப்பு நின்று, மதர்போர்டு லைட் அணைந்து, தானாகவே மறுபடி எழுந்தது. மேலே சுழன்ற சீலிங் ஃபேன் ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

தம்பியின் முகம் மாறிவிட்டது. "இது... இது முன்னாடியும் வந்திருக்கு. வோல்டேஜ் டிராப்னு நினைச்சேன் அண்ணா." அந்தக் குரலில் பொய் இல்லை. அதை நான் அப்போதே நம்பினேன்.

விண்டோஸ் தவறுகளை எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தோம். நேற்று போட்ட விண்டோஸில் கண்ணில் பட்ட சிவப்பு வரி: கெர்னல்-பவர் 41, அதாவது முறையாக அணையாமல் ரீஸ்டார்ட் ஆனது. உள்ளே பக்செக் கோடு 0. டிரைவரோ ரேமோ விண்டோஸை வீழ்த்தியிருந்தால் நீலத் திரையின் எண் அங்கே பதிந்திருக்கும். கிராபிக்ஸ் டிரைவர் மயங்கியிருந்தால் அதற்குத் தனி வரி வந்திருக்கும். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியாது, காலடியிலிருந்து மின்சாரத்தை உருவிவிட்டார்கள் என்று அர்த்தம். வெப்பமும் காரணம் இல்லை, கடைசி நொடி வரை எண்கள் அசையவில்லை.

அப்படியானால் சுவரா, எஸ்எம்பிஎஸ்ஸா? எர்த் இல்லாத அந்தப் பிளக் பாயின்ட் மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம். கூடத்தில் ஃப்ரிட்ஜ் போட்டிருந்த பாயின்ட்டுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே எர்த் சரியாக இருந்தது, தொட்டால் சுருக்கென்கவில்லை. மல்டிமீட்டரில் 218 வோல்ட், லோடு ஏறியபோது 216. இரண்டு வோல்ட் இறக்கம் ஒன்றுமே இல்லை. மறுபடி இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். இந்த முறை ஒன்பதாம் நிமிடத்திலேயே அணைந்தது. ஃப்ரிட்ஜ் மற்றொரு பாயின்ட்டில் சத்தமே மாறாமல் ஓடியது. சுவர் குற்றவாளி இல்லை.

இன்னொரு சோதனை பாக்கி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 60 சதவீதத்துக்கு இறக்கினேன், அதாவது 100 வாட் சொச்சம். அதே இரண்டு புரோகிராம், அதே பாயின்ட். நாற்பது நிமிடம் அசையாமல் ஓடியது. கார்டில் கோளாறு இருந்தால் குறைந்த வாட்டிலும் எங்காவது தடுமாறியிருக்க வாய்ப்புண்டு. இங்கே மொத்த இழுவையைக் குறைத்ததும் நோய் போய்விட்டது.

லேபிள்

நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பினேன். கொட்டை எழுத்தில் 500 வாட். அதன் கீழே எறும்பு எழுத்தில் ஒரு கட்டம். டார்ச் அடித்து மாப்பிள்ளையை வாசிக்கச் சொன்னேன். "பிளஸ் 12 வோல்ட்... 18 ஆம்பியர்."

"பெருக்கு."

"216 வாட்."

கம்ப்யூட்டரில் கனமான வேலை எல்லாம் அந்த 12 வோல்ட் வரியில்தான். மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டியிருந்தார்கள். இன்றைய மெஷினில் அவை இரண்டுக்கும் பெரிய வேலை கிடையாது. கார்டுக்கு 170. ரைசன் 5 3600ஐ 65 வாட் என்று சொன்னாலும் முழு லோடில் 88 வரை இழுக்க அனுமதி உண்டு. இரண்டும் சேர்ந்து 258. ஃபேன், டிஸ்க், மதர்போர்டு சேர்த்தால் 280 பக்கம். 216 தருவேன் என்கிறவனிடம் 280 கேட்டால் 12 வோல்ட் சரியும். சரிந்ததும் எஸ்எம்பிஎஸ் 'பவர் குட்' என்ற சிக்னலை விட்டுவிடும், மதர்போர்டு அந்தக் கணமே ரீசெட் ஆகும். கார்டு மட்டும் ஓடியபோது எல்லையில் நின்று சமாளித்திருக்கிறது. பிராசஸர் மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை.

கார்டுக்குப் போன எட்டு பின் கேபிளும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரவில்லை. மோலெக்ஸ் என்ற பழைய வகை நான்கு பின் பிளக் இரண்டைச் சேர்த்து எட்டு பின் ஆக்கும் அடாப்டர். அதில் ஒரு பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக், மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் லேசான கருகல் வாசனை. இன்னும் ஓரிரு கோடைக்காலம் இப்படியே ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த வீட்டில் அம்மா பகலில் தனியாக இருக்கிறார்.

கதை அப்புறம்தான் முழுசாகப் புரிந்தது. 2020இல் இந்த மெஷினைக் கட்டியபோது அதில் ஜிடிஎக்ஸ் 1650 இருந்தது. அது 75 வாட் கார்டு, ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸே அதற்குப் போதும். 2022இல் கார்டு விலை இறங்கியதும் தம்பி 3060 வாங்கி, அடாப்டர் போட்டுத் தானே மாட்டியிருக்கிறார். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மேலே 500 என்று எழுதியிருக்கிறதே. என்விடியா இந்தக் கார்டுக்குப் பரிந்துரைப்பது 550 வாட், இவரும் 'ஐம்பதுதானே குறைவு' என்று இருந்துவிட்டார். அன்றிலிருந்துதான் ரீஸ்டார்ட். பழி விழுந்தது கரண்ட் மேல்.

தெரியாதவரிடம் பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் ஏமாற்றுக்காரரைத்தான் எதிர்பார்த்துப் போகிறார்கள். என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டு வாங்கியிருந்தால் இந்தத் தம்பியிடம் நூற்றுக்கு நூறு நம்பி வாங்கியிருப்போம். பழுது அப்படியே கோவை ஹாஸ்டலுக்குப் போயிருக்கும்.

மாற்றிப் பார்த்தது

அவருடைய பைக்கிலேயே மாப்பிள்ளையை என் கடைக்கு அனுப்பி, 550 வாட் புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். அதன் லேபிளில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், 540 வாட். அவன் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ரேமைப் பார்த்தேன். சிபியு-இசட்டில் 1066 என்று காட்டியது, ரேமுக்கு அதை இரட்டிப்பாக்கிப் படிக்க வேண்டும், அதாவது 2133இல் ஓடுகிறது. இரண்டு 8 ஜிபியும் 3200 குச்சிகள். பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை யாரும் இதுவரை ஆன் செய்யவே இல்லை. ஆன் செய்து மெம்டெஸ்ட்86 ஒரு சுற்று ஓட்டினேன். முக்கால் மணி நேரம், ஒரு தவறும் இல்லை.

புது எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, எட்டு பின் கேபிளை நேராகக் கொடுத்து, ஃபர்மார்க்கையும் சினிபெஞ்சையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டினோம். அந்தப் பதினான்காம் நிமிடம் வந்தபோது மூன்று பேரும் பேசாமல் திரையையே பார்த்தோம். தாண்டியது. ஒரு மணி நேரமும் தாண்டியது. திரையில் புள்ளியோ கோடோ இல்லை.

விலைப் பேச்சு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,500, ஹார்ட் டிஸ்க்குக்கு 1,000 கழித்து 36,500. அவர்தான் முதலில் எண்ணைச் சொன்னார். வெள்ளைத் தாளில் கார்டு, மதர்போர்டு, எஸ்எஸ்டி சீரியல் நம்பர்களை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, பில் அசலை வாங்கிக்கொண்டு, அவர் முன்னாலேயே யுபிஐயில் அனுப்பினோம். பணம் வந்ததை அவர் வங்கி ஆப்பில் பார்த்து உறுதிசெய்த பிறகே கேபினட்டைத் தூக்கினோம்.

காரில் கேபினட்டை நிறுத்தி வைக்கவில்லை. மதர்போர்டு அடிப்பக்கம் வரும்படி படுக்கவைத்தோம். அப்போது கார்டு ஸ்லாட்டில் செங்குத்தாக நிற்கும். நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு குழியிலும் அதன் முழுக் கனமும் ஸ்லாட்டை நெம்பும். எடுத்துச் செல்லும் தூரம் அதிகமென்றால் கார்டைக் கழற்றிவிடுவேன்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். உள்ளே உள்ள மின்சாரம் முழுக்க இறங்கும்வரை இதைத் திறக்கக் கூடாது, பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். 12 வோல்ட் பக்கம் இரண்டு கப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது, ஒன்றின் அடியில் பழுப்புப் பிசின். போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அப்போது அவர் துபாய் போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

நாங்கள் வாங்கிய அன்று எஸ்எஸ்டியின் அந்த வரி 63இல் நின்றது. இருந்த 61, எங்கள் சோதனையில் அணைந்த இரண்டு. ஐந்து மாதம் கழித்து மாப்பிள்ளையை கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ திறந்து போட்டோ அனுப்பச் சொன்னேன். 65. ஏன் இரண்டு கூடியிருக்கிறது என்று கேட்டேன். ஹாஸ்டலில் கரண்ட் போனதாம். இரண்டுக்கும் தேதி எழுதி வைத்திருந்தான்.